சின்ன இடத்தில் மரபு ரக மக்காச்சோளம்: கிளாஸ் ஜெம், பிளடி புட்சர், கண்ட்ரி ஜென்டில்மேன்

பாத்திக்காரன்

வணக்கம். 4 மீட்டருக்கு 4 மீட்டர் இடம் இருக்கிறது, நாள் முழுக்க வெயில் விழும். கிளாஸ் ஜெம், பிளடி புட்சர், கண்ட்ரி ஜென்டில்மேன் மூன்றிலும் தலா 40 விதை கையில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் இரண்டு வரிசையாக ஒரே நாளில் ஊன்றி, மூன்றிலும் விதை எடுத்து அடுத்த பருவமும் தொடரலாம் என்று திட்டம். இடைவெளி, உரம், கலப்பு பற்றிச் சொல்லுங்கள்.

விதைக்குதிர்

மூன்றையும் ஒன்றாக ஊன்றினால் விதை எடுக்கும் திட்டத்தை இப்போதே விட்டுவிடலாம். மக்காச்சோளம் காற்றில் மகரந்தம் பரப்பும் பயிர். பக்கத்து வரிசை, பக்கத்து ரகம் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. 200 மீட்டர் தள்ளி நட்டால் கலப்பு வெகுவாகக் குறையும், அப்போதும் முழுதாக நிற்காது. 4 மீட்டருக்குள் தப்பிக்க வழியே இல்லை.

விதை மட்டுமல்ல, சாப்பாடும் கெடும். கண்ட்ரி ஜென்டில்மேன் இனிப்பு ரகம். கிளாஸ் ஜெம் கல் மாதிரி முத்துள்ள ஃபிளின்ட், பாப்கார்ன் வகை. பிளடி புட்சர் முத்தின் தலையில் குழி விழும் டென்ட் வகை. இனிப்புத்தன்மை ஒடுங்கிய பண்பு, அதாவது மற்றதோடு சேர்ந்தால் மறைந்துபோகும், அதனால் மற்ற இரண்டின் மகரந்தம் கதிரின் எந்த நூலில் (முத்துக்கு ஒரு நூல்) விழுகிறதோ அந்த முத்து இந்தப் பருவத்திலேயே மாவாகிவிடும். பால் பருவத்தில் ஒடித்துக் கடித்தால் பாதி இனிப்பு, பாதி சப்பை.

இன்னொன்று, இரண்டு வரிசை என்பதும் தவறு. மகரந்தம் கனமானது, பெரும்பகுதி சில மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். நீள வரிசையில் காற்று குறுக்கே அடித்தால் அது வரிசையை விட்டே போய்விடும். சதுரமாக நடுங்கள், குறைந்தது 4 வரிசை. வரிசைக்கு 75 செ.மீ., செடிக்கு 30 செ.மீ. உங்களிடம் ஒரு ரகத்தில் 40 விதைதான் இருப்பதால் 5 வரிசை, வரிசைக்கு 8 செடி. பருவத்துக்கு ஒரு ரகம் என்று வைத்துக்கொள்வதே உசிதம்.

குழிக்கு இரண்டு விதை போட்டுக் கலைக்கும் வசதி உங்களுக்கு இல்லை. ஈரத் துணியில் சுற்றி 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் வைத்து, வேர் நுனி எட்டிப் பார்த்ததும் 3 முதல் 4 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். வேர் அரை விரற்கடை நீளம் தாண்டிவிட்டால் ஊன்றும்போது முறியும். மண் வெப்பம் 16 டிகிரிக்குக் கீழே இருந்தால் பொறுத்திருங்கள். குளிர்ந்த ஈர மண்ணில், மருந்து பூசாத மரபு விதை முளைப்பதற்கு முன் அழுகிவிடும்.

நிறமி

விதைக்குதிர் சொன்னதில் ஒரு நுணுக்கம் சேர்க்கிறேன், நிற ரகம் வளர்ப்பவர்கள் குழம்பும் இடம் இதுதான்.

முத்தில் நிறம் மூன்று இடத்தில் இருக்கலாம். வெளித்தோல் தாய்ச்செடியின் திசு. எந்த மகரந்தம் விழுந்தாலும் இந்தப் பருவத்தில் அதன் நிறம் மாறாது. அதற்கு அடியில் இருக்கும் மெல்லிய அலூரோன் அடுக்கும், உள்ளே இருக்கும் மாவுப்பகுதியும் தாயும் தந்தையும் சேர்ந்து உருவாக்கியவை. அவற்றில் தந்தையின் நிறம் அதே கதிரிலேயே தெரிந்துவிடும். நீலமும் ஊதாவும் பெரும்பாலும் அலூரோனில். மஞ்சள் மாவுப்பகுதியில். பிளடி புட்சரின் சிவப்பு வெளித்தோலில்.

விளைவைப் பாருங்கள். கண்ட்ரி ஜென்டில்மேனின் வெள்ளைக் கதிரில் கிளாஸ் ஜெம் கலந்தால் ஊதா முத்து, உப்பலான முத்து என்று பளிச்சென்று தெரியும், பொறுக்கி எறிந்துவிடலாம். பிளடி புட்சரில் எது கலந்தாலும் கதிர் சிவப்பாகவே இருக்கும். அந்தச் சிவப்பு மேலோங்கிய பண்பு வேறு, அதனால் அடுத்த தலைமுறையும் சிவப்பாகவே வந்து கலப்பை மறைக்கும். சந்தேகம் இருந்தால் சில முத்துகளை ஊறவைத்து நகத்தால் தோலை உரித்துப் பாருங்கள். அடியில் நீலமோ ஊதாவோ வந்தால் அந்தக் கதிர் சுத்தமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எதிர்த்திசையிலும் ஒளிந்துகொள்ளும். இனிப்பு ரக மகரந்தம் கிளாஸ் ஜெம்மில் விழுந்தால் இந்த ஆண்டு ஒன்றுமே தெரியாது. அந்த விதையை ஊன்றி வரும் கதிர்களில் ஆங்காங்கே சுருங்கிய முத்து தலைகாட்டும்போதுதான் சங்கதி புரியும்.

முத்தில் தெறித்த மாதிரி புள்ளி இருந்தால் அதை நோய் என்று எறியவேண்டாம். இடம் மாறும் மரபணுக் கூறுகள் நிறத்தை இடையிடையே அணைத்து ஏற்றுவதன் தடயம் அது. இந்தப் புள்ளிகளை வைத்துத்தான் அமெரிக்க மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக் அக்கூறுகளைக் கண்டறிந்தார், அதற்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பாத்திக்காரன்

நன்றி. கண்ட்ரி ஜென்டில்மேன் விதை உறையில் 90 நாள், கிளாஸ் ஜெம் விதை உறையில் 110 நாள் என்று போட்டிருக்கிறது. 20 நாள் வித்தியாசம் இருக்கிறதே, ஒன்றாக ஊன்றினாலும் பூப்பது தள்ளித்தானே போகும்?

களைக்கொத்தி

போகாது, அங்கேதான் எல்லாரும் விழுகிறார்கள். இனிப்பு ரகத்துக்கு உறையில் போடுவது பால் பருவத்தில் ஒடிக்கும் நாள். காய்ந்த முத்து ரகத்துக்குப் போடுவது முழுதாகக் காயும் நாள். நூல் வந்து சுமார் 20 நாளில் இனிப்புக் கதிரை ஒடிக்கிறோம், அப்படியானால் 90 நாள் ரகம் 70-ஆம் நாள் வாக்கில் பூக்கிறது. காய்ந்த ரகத்தில் நூல் வந்த பிறகு முத்து முற்றவே 45 முதல் 55 நாள் பிடிக்கும், 110 நாள் ரகம் 55 முதல் 65-ஆம் நாளில் பூத்துவிடும். இரண்டும் பூப்பது ஒன்றன்மேல் ஒன்று விழ நிறைய வாய்ப்பு உண்டு!

காலத்தால் பிரிக்க வேண்டுமானால் பூக்கும் நாளைக் கணக்குப் போட்டு 3 வார இடைவெளி வையுங்கள். பின்னால் விதைத்தது வெயில் ஏறினால் வேகமாக வளர்ந்து முன்னதை எட்டிப் பிடிக்கும், அதனால் விதைப்பில் 4 வாரம் விடுவது நல்லது. முதலில் ஊன்றியதில் பக்கத் தூர்கள் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகள்) தாமதமாகக் கொண்டை (மகரந்தம் உதிர்க்கும் உச்சிப் பூ) விடும். அவற்றின் கொண்டையை மட்டும் கிள்ளிவிடுங்கள். தூரையே பிடுங்க வேண்டியதில்லை. தூர் தாய்ச்செடியின் சத்தைத் தின்கிறது என்பது வழிவழியாக வந்த பேச்சு. அதன் இலையும் சேர்த்துத்தான் உணவு தயாரிக்கிறது, பிடுங்கினால் தாய்த்தண்டில் காயம்தான் மிச்சம்.

பாத்திக்காரன்

உறை போட்டுக் கையால் மகரந்தம் சேர்த்தால் ஒரே நேரத்தில் இரண்டு ரகம் வைக்கலாமா?

விதைக்குதிர்

வைக்கலாம், ஆனால் பத்து நாள் தினமும் காலையில் தோட்டத்தில் நிற்க வேண்டும்.

கதிர்க் குருத்து இலைக் கக்கத்தில் எட்டிப் பார்க்கும்போதே, ஒரு நூல்கூட வெளியே வருவதற்கு முன், மெழுகுத்தாள் உறையை மாட்டுங்கள். தண்டுக்கும் கதிருக்கும் நடுவில் இறுக்கிச் செருகினால் காற்றுக்குப் பறக்காது. நூல் ஒன்றிரண்டு வெளியே வந்த பிறகு மாட்டினால் பயனில்லை, அந்தக் கதிரைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

உள்ளே நூல் வந்துவிட்டது தெரிந்ததும் மாலையில் உறையைக் கழற்றி, கதிரை மூடிய மட்டையின் நுனியை நூலோடு சேர்த்து 2 செ.மீ. அளவு கூர்மையான கத்தியால் வெட்டி, உடனே திரும்ப மாட்டுங்கள். முத்து ஒட்டியிருக்கும் நடுச்சக்கையை வெட்டிவிடக் கூடாது. மறுநாள் காலைக்குள் எல்லா நூலும் 2, 3 செ.மீ. வளர்ந்து தூரிகை மாதிரி ஒரே மட்டத்தில் நிற்கும். அதே மாலையில் கொண்டைக்குப் பழுப்புக் காகிதப்பை மாட்டி அடியை மடித்துக் கிளிப் போடுங்கள். ஏற்கனவே கொண்டையில் ஒட்டியிருக்கும் அந்நிய மகரந்தம் இரவுக்குள் செத்துவிடும். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது, உள்ளே வியர்த்து மகரந்தம் கட்டியாகிவிடும்.

மறுநாள் பனி காய்ந்த பிறகு, 9 முதல் 11 மணிக்குள், கொண்டையை வளைத்துப் பைக்குள் உதறுங்கள். குறைந்தது பத்துச் செடியின் மகரந்தத்தை ஒன்றாகக் கலந்து, வலையில் சலித்துப் பூத்துணுக்கை நீக்குங்கள். நல்ல மகரந்தம் வெளிர் மஞ்சளாக உதிர்ந்து ஓடும். கட்டியாகவோ அடர்ந்த பழுப்பாகவோ இருந்தால் வேண்டாம். கதிருக்குக் கால் தேக்கரண்டி போதும். கதிர் உறையைத் திறந்து, தூவி, கொண்டைப் பையால் கதிரை மூடித் தண்டைச் சுற்றி ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும், இதெல்லாம் சில நொடிக்குள் முடியவேண்டும். பையில் தேதியும் ரகமும் எழுதி அறுவடை வரை விட்டுவிடுங்கள். எந்தக் கதிர் கையால் சேர்த்தது என்பதற்கு அதுவே அடையாளம். கதிர் பருத்துப் பை கிழிந்தால் அந்த இடத்தில் ஒரு நாடா கட்டிவிடுங்கள்.

வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் சீக்கிரமே முடித்துவிடுங்கள், அந்த வெயிலில் மகரந்தம் ஒரு மணி நேரம் தாங்குவதே கஷ்டம்.

வெட்டுக்கிளி

வேலை எல்லாம் சரி. ஆனால் 40 செடியில் விதை எடுப்பதை ஊக்குவிக்கலாமா? மக்காச்சோளம் உள்ளினக் கலப்பில், அதாவது நெருங்கிய உறவுச் செடிகளே தங்களுக்குள் கலக்கும்போது, சட்டென்று குன்றும் பயிர். 200 செடிக்குக் குறைவாக வைத்து விதை எடுக்காதே என்பதுதானே பொதுவான பரிந்துரை?

களைக்கொத்தி

வீட்டுத் தோட்டத்தில் 200 செடி என்பது ஏட்டுச் சுரைக்காய். அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் யாருமே விதை எடுக்க மாட்டார்கள், ரகம் அப்படியும் அழிந்துபோகும்.

விதைக்குதிர்

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி நியாயம். 40 செடியில் ஒரு தலைமுறை எடுத்தால் ஒன்றும் குடிமுழுகாது. அதே 40-இலிருந்து 40, மறுபடி 40 என்று போனால் மூன்றாவது நான்காவது சுற்றில் செடி குட்டையாகும், பூப்பது தள்ளிப்போகும், கொண்டை உதிர்ந்து முடிந்த பிறகு நூல் வரும், கதிர் சூம்பும். இதைக் குறைக்கச் சில வழிகள் உண்டு.

ஒரு கதிரில் 300 முத்து இருக்கிறதே என்று அதிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். 300-க்கும் தாய் ஒன்றுதான். 30 கதிரிலிருந்து பத்துப் பத்தாக எடுங்கள், கதிருக்கு ஒரே எண்ணிக்கை. அடுத்து, கொண்டை கிள்ளும் முறை. ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் எல்லாக் கொண்டையையும் மகரந்தம் உதிரும் முன்பே பிடுங்கிவிட்டு, அந்த வரிசைகளில் மட்டும் விதை எடுங்கள். அங்கே தன் மகரந்தம் தன் நூலில் விழும் பேச்சே இல்லை. கொண்டையோடு இலையைப் பிய்த்தால் மகசூல் குறையும், கவனம். மூன்றாவதாக, இந்த ஆண்டு விதை முழுவதையும் தீர்க்காமல் கால்பங்கைக் காற்றுப்புகாமல் பாதுகாத்து, இரண்டு பருவம் கழித்துப் புது விதையோடு கலந்து ஊன்றுங்கள். அதே ரகத்தை வேறு வீட்டில் வளர்ப்பவரோடு பாதிக்குப் பாதி மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது.

அழகான கதிரை மட்டும் விதைக்கு எடுக்கும் ஆசையும் ஆபத்துதான். கிளாஸ் ஜெம் ஓக்லஹோமாவில் கார்ல் பார்ன்ஸ் பல பழைய ரகங்களைக் கலந்து தேர்ந்தெடுத்தது. அதன் வண்ணப் பன்மையே பலதரப்பட்ட விதையில்தான் நிற்கிறது. நீலக் கதிராகவே பொறுக்கினால் நாலு ஆண்டில் நீல ரகம் ஒன்று கிடைக்கும், கிளாஸ் ஜெம் இருக்காது. மங்கலான கதிர் என்றாலும் செடி திடமாக நின்றிருந்தால் அதற்கும் விதையில் பங்கு கொடுங்கள்.

பாத்திக்காரன்

சரி, முடிவு செய்துவிட்டேன். இந்தப் பருவம் கிளாஸ் ஜெம் மட்டும். உரம், தண்ணீர்?

களைக்கொத்தி

மரபு ரகங்களுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) அளவோடு போதும். வீரிய ரகத்துக்குக் கொடுப்பதைக் கொடுத்தால் வானத்தை எட்டி வளர்ந்து முதல் காற்றில் படுத்துவிடும். 3 மீட்டர் போகும் பிளடி புட்சருக்கு இது இன்னும் பொருந்தும். சதுர மீட்டருக்கு 10 கிராம் தழைச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சதுரம் சுமார் 10 சதுர மீட்டர்தான், ஆக 100 கிராம். யூரியாவில் 46 சதவீதம் என்பதால் ஏறக்குறைய 220 கிராம் ஆகிறது. சதுர மீட்டருக்கு 3 கிலோ மட்கிய தொழுவுரம் போட்டிருந்தால் யூரியாவில் பாதியைக் குறைத்துவிடலாம். அடியுரமாகக் கால் பங்கு, 6, 7 இலைப் பருவத்தில் பாதி, கொண்டை குருத்துக்குள் தெரியும்போது மீதி. தண்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி இட்டு மண்ணால் மூடித் தண்ணீர் விடுங்கள். குருத்துக்குள் விழுந்தால் இலை வெந்துவிடும்.

அடி இலை நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக ஆப்பு மாதிரி மஞ்சள் இறங்கினால் தழைச்சத்துக் குறை. விளிம்பு கருகினால் சாம்பல்சத்து (பொட்டாசியம்). இளம் இலையில் நரம்புக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டை என்றால் துத்தநாகம். ஊதா இலைக்கு மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறை என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும், நிற ரகங்களில் அதை நம்பாதீர்கள். தண்டு, மட்டை, கொண்டை எல்லாம் ஊதாவாக வருவது அவற்றின் இயல்பு. வளர்ச்சி குன்றாமல் ஊதா என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

தண்ணீர் வாரத்துக்கு 30 முதல் 35 மி.மீ. அதாவது சதுர மீட்டருக்கு 30 முதல் 35 லிட்டர். நூல் வருவதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாரம் ஒரு நாள்கூடக் காயவிடக் கூடாது. தண்ணீர் பற்றாவிட்டால் கொண்டை தன் நேரத்துக்கு உதிரும், நூல் மட்டும் பிந்தும். 45 செ.மீ. உயரத்தில் அடியில் 10 முதல் 15 செ.மீ. மண் அணையுங்கள், தாங்குவேர் பிடிக்க இடம் வேண்டும்.

பாத்திக்காரன்

பொக்கை வாய் மாதிரி முத்து விழாத கதிர்ப் படங்கள் நிறையப் பார்க்கிறேன். காரணம் மகரந்தக் குறை மட்டும்தானா?

நிறமி

எந்த இடத்தில் பொக்கை என்பதைப் பார்க்க வேண்டும். நூல் முதலில் வருவது கதிரின் அடிப்பகுதி முத்துகளிலிருந்து, கடைசியாக நுனி. அடியில் முத்து இல்லாவிட்டால் நூல் வந்த நேரம் மகரந்தம் இன்னும் உதிரத் தொடங்கவில்லை. நுனியில் இல்லாவிட்டால் மகரந்தம் முன்பே தீர்ந்திருக்கலாம், அல்லது முத்து பிடித்த பிறகு வறட்சியில் செடி கைவிட்டிருக்கலாம். நுனியில் வெளுத்துச் சூம்பிய முத்து ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டாவது காரணம். எல்லா இடத்திலும் சிதறிய ஓட்டை என்றால் மகரந்தமே போதவில்லை, அல்லது பூச்சி நூலைக் கத்தரித்துவிட்டது.

அறுவடை வரை காத்திருக்க வேண்டியதில்லை. மகரந்தம் பட்ட மூன்று நான்கு நாள் கழித்து ஒரு கதிரை ஒடித்து, மட்டையைக் கவனமாக நீளவாக்கில் கீறிப் பிரித்து, தலைகீழாக மெல்ல உதறுங்கள். கருவுற்ற முத்தின் நூல் தானே உதிரும், கருவுறாததன் நூல் ஒட்டிக்கொண்டே இருக்கும். உதிராதது நிறைய இருந்தால், மற்றக் கதிர்களுக்கு உடனே கையால் மகரந்தம் தூவ இன்னும் அவகாசம் உண்டு.

கண்ட்ரி ஜென்டில்மேன் போடும்போது ஒன்று நினைவிருக்கட்டும். அதில் முத்து வரிசையே இருக்காது, தாறுமாறாக நெருக்கியடிக்கும். மற்ற ரகங்களில் ஒவ்வொரு சிறுகதிரிலும் இரண்டு பூவில் ஒன்று கருகிவிடும். இதில் இரண்டுமே முத்தாகிவிடுவதால் இடம் போதாமல் வரிசை குலைகிறது.

வெட்டுக்கிளி

பூச்சி பற்றி யாரும் பேசவில்லை. குருத்தில் வரிசையாக ஓட்டை, மரத்தூள் மாதிரி எச்சம் என்றால் படைப்புழு. தலையில் தலைகீழ் ஒய் எழுத்துக் குறியும் வால்பக்கம் சதுரமாக நாலு புள்ளியும் இருந்தால் உறுதி. வாரம் இரண்டு முறை இலையடியில் முட்டைக் குவியலை நசுக்குங்கள், 40 செடிக்குப் பத்து நிமிட வேலை. புழு சிறிதாக இருக்கும்போது புழுவைக் கொல்லும் பி.டி. பாக்டீரியாக் கரைசலை மாலையில் குருத்துக்குள் ஊற்றினால் கேட்கும். வளர்ந்த புழுவுக்கு அது பெரிதாக வேலை செய்யாது, குருத்தைப் பிரித்துக் கையால்தான் எடுக்க வேண்டும்.

கதிர்ப்புழுவுக்கு நூல் நுனி வாடி நிறம் மாறிய பிறகு அரை மி.லி. தாவர எண்ணெயைச் சொட்டலாம். முன்கூட்டியே ஊற்றினால் நுனிப் பகுதி கருவுறாது.

பாத்திக்காரன்

கடைசியாக, எப்போது ஒடிப்பது? மழை வந்தால்?

விதைக்குதிர்

ஒரு முத்தைப் பிடுங்கி அடிக்காம்பைச் சுரண்டிப் பாருங்கள். கருப்புப் படலம் விழுந்திருந்தால் முத்து முற்றிவிட்டது, அதற்கு மேல் செடியிலிருந்து ஒன்றும் ஏறாது. அப்போது ஈரம் 30 முதல் 35 சதவீதம் இருக்கும். வறண்ட காலமாக இருந்தால் மட்டை காகிதம் போல் ஆகும்வரை செடியிலேயே விடுங்கள். மழை என்றால் கருப்புப் படலம் கண்டதுமே ஒடித்து, மட்டையைப் பின்னுக்கு உரித்து, நிழலில் காற்றோட்டமாக ஒன்றை ஒன்று தொடாமல் தொங்கவிடுங்கள். விதைக்கானதை 35 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்கள். மஞ்சள்பச்சைப் பூஞ்சணமோ இளஞ்சிவப்புப் பூஞ்சணமோ பிடித்த கதிரைக் கழுவி அரைக்கலாம் என்று நினைக்கவேண்டாம். நச்சு கழுவினாலும் சமைத்தாலும் முழுதாகப் போகாது, தீவனத்துக்கும் ஆகாது.

சுத்தியலால் தட்டினால் முத்து நசுங்காமல் சில்லாகத் தெறிக்க வேண்டும். அந்தப் பதம் வந்ததும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, வண்டு முட்டை சாக ஒரு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது உறையவைத்தால் முளைக்கரு செத்துப்போகும். வெளியே எடுத்ததும் டப்பாவை உடனே திறக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லையென்றால் முத்தின் மேல் ஈரம் கோத்துக்கொள்ளும்.

களைக்கொத்தி

பொரிக்க நினைத்தால் ஈரம் 13.5 முதல் 14 சதவீதம் இருக்க வேண்டும். வாரம் ஒரு கைப்பிடி பொரித்துப் பாருங்கள். பொரி சவசவ என்று இருந்தால் இன்னும் காயட்டும். பாதிக்கு மேல் பொரியாமல் கருகினால் அதிகம் காய்ந்துவிட்டது, முக்கால் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மூடி, தினமும் குலுக்கி மூன்று நாள் வையுங்கள். பொரி வெள்ளையாகத்தான் வரும், நிறமெல்லாம் வெடித்த தோல் துணுக்கில் நின்றுவிடும்.

பாத்திக்காரன்

வண்ணப் பொரி கிடைக்கும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்! சரி, விதை ஊறப்போட்டாயிற்று. கொண்டை வரும்போது திரும்ப வருகிறேன்.

விதைக்குதிர்

கொண்டை வந்த பிறகு வந்தால் பிந்திவிடும். எட்டு இலை விரிந்ததுமே மெழுகுத்தாள் உறையும் காகிதப்பையும் வெட்டி எண்ணி வைத்துவிடுங்கள்.

பாத்திக்காரன்

ஒரே ரகம்தானே போடுகிறேன், உறை எதற்கு?

விதைக்குதிர்

காற்று வரும் திசையில் 200 மீட்டருக்குள் வேறு யாரும் மக்காச்சோளம் போடவில்லை என்று நடந்து பார்த்து உறுதி செய்துவிட்டால் வேண்டாம். இல்லையென்றால் விதைக்கு எடுக்கும் 30 கதிருக்காவது தேவைப்படும்.